முறைக்காரன் சாட்சி

கஷியாஸ், 4 ஜூன் 2017

அடிமை மாத்தார் ஜோப்புக்கு அவன் எஜமான் அலசான் ந்ஜாய் எழுதுவது.

பார்த்தாயா, பழைய மாதிரியே ஆரம்பித்துவிட்டேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். பெல்ட் விற்கிற யோரோ வியாழக்கிழமை சாவோ பாவ்லோவுக்கு பஸ் ஏறுகிறான். அவன் பையில் இதைத் திணித்துவிடப் போகிறேன்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. உன் கட்டிலில் இன்னும் யாரையும் படுக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் சோறு ஆக்கினோம். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் உன் பக்கம் காலியாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சோற்றை ஒருத்தனும் தொடவில்லை.

ஆலைக் குளிர் அறையிலிருந்து நாற்பது பெட்டிக் கோழி காணாமல் போனதற்கு நான் பொறுப்பா? நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் செய்ததெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் உன்னைத் திட்டியதுதான். "இந்தத் திருட்டு ஜோப்பப் பாருங்க, கோழிய அறுக்கச் சொன்னா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றேன். நம் ஊர் லூகாவில் எந்த ந்ஜாய் எந்த ஜோப்பை விட்டுவைத்திருக்கிறான்? நீ மட்டும் சும்மாவா இருந்தாய்? "உங்க தாத்தா எங்க வீட்டு ஆட்டுக்குப் புல்லு புடுங்கினவன்தானே" என்று என் கல்யாணத்தன்றே மைக்கைப் பிடுங்கிச் சொன்னவன் நீ. என் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் அதைப் போர்ச்சுகீசில் சொன்னேன், அவ்வளவுதான். மேற்பார்வையாளன் கிளாவ்ஜியோ அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு உன்னை வீட்டுக்கு அனுப்பினால் நான் என்ன செய்வேன்? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அலசான்

*

சாவோ பாவ்லோ, 19 ஜூன் 2017

அலசான்,

யோரோவிடமிருந்து கடிதத்தை வாங்கவே கூடாது என்றிருந்தேன். அவன்தான் "வாங்கிக்கடா, படிச்சிட்டுத் திட்டு, படிக்காம எப்படித் திட்டுவ?" என்றான். படித்தேன். என் கட்டிலை நீ காவல் காக்க வேண்டாம். யாரையாவது படுக்க வை.

கேலி எது, நிஜம் எது என்று எனக்குத் தெரியாதா? நீ அதை அவர்கள் மொழியில் சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நம் மொழியில் சொல்லியிருந்தால் வரிசையில் இருந்த நம் ஆட்கள் பன்னிரண்டு பேரும் சிரித்திருப்போம். நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்குப் போர்ச்சுகீசு நொண்டும் என்று தெரிந்துதானே அதில் பேசினாய்? அவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்லத் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுநாளும் சொன்னாய். அதற்கு மறுநாளும். ஒரே மாதத்தில் ஆலையில் எனக்கு அதுதான் பெயர். கோழியைக் கொக்கியில் மாட்டுகிற பெண்கள்கூட "என்ன திருடா, நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டார்கள். நாற்பது பெட்டி காணோம் என்றதும் அவர்கள் வேறு யாரைத் தேடுவார்கள்?

அப்பாவுக்குப் போன் செய்து, திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்றேன். "யாருடா சொன்னது?" என்றார். அலசான் ந்ஜாய் என்றேன். மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். "ஒரு ந்ஜாய் சொன்னான்னா வேலைய விட்டுத் தூக்குவாங்க? அந்த ஊர்ல எல்லாம் கிறுக்கனுங்களா?" அவர் இன்னும் நம்பவில்லை. பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டவருக்கு உதவி செய்கிற இடத்தில் மக்தா என்று ஒரு வக்கீலம்மா என் வழக்கை எடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 22, செவ்வாய், காலை பத்து மணிக்குக் கஷியாஸ் தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணை. நம் அறையிலிருந்து நடந்தே போகலாம். திருட்டுக்காக நீக்கினோம் என்று ஆலை கடிதம் கொடுத்திருக்கிறது. எங்கே வேலை கேட்டாலும் பழைய ஆலைக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். அந்தச் சொல் அழிந்தால்தான் எனக்கு மறுபடி ஒரு ஆலையில் கத்தி கிடைக்கும். இல்லையென்றால் நடைபாதையில் துணி விரித்துக் கைக்கடிகாரம் விற்று, போலீஸைக் கண்டால் சுருட்டிக்கொண்டு ஓடுகிற பிழைப்புதான். நேற்று இரண்டு தரம் ஓடினேன்.

நீ வந்து நீதிபதியிடம் இதைச் சொன்னால் போதும்: "எங்க ஊர்ல ஜோப் வம்சமும் ந்ஜாய் வம்சமும் கேலிமுறைக்காரங்க. திருடன், தின்னிமாடு, அடிமைன்னு திட்டிக்கிறதுதான் எங்களுக்கு வணக்கம். எங்க கொள்ளுத் தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான். திட்டலேன்னாத்தான் சண்டைன்னு அர்த்தம். திட்டினவன் மேல கோச்சுக்க யாருக்கும் உரிமை கிடையாது."

வேறு யார் சொன்னாலும் எடுபடாது. சொன்ன வாயே சொல்ல வேண்டும் என்கிறார் மக்தா.

மாத்தார்

*

கஷியாஸ், 10 ஜூலை 2017

மாத்தார்,

உன் அப்பா சிரித்ததைப் படித்து நானும் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆகஸ்ட் 22 பற்றி. செவ்வாய்க்கிழமைதான் கப்பலுக்குப் போகிற சரக்கு, உனக்கே தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மே மாதமே அறுப்பு வரிசைக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். பச்சைத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். நான் இல்லாமல் வரிசை ஓடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் லீவு கேட்டால் எதற்கென்று கேட்பார்கள்.

சோக்னாவின் விசாத் தாள்கள் தூதரகத்தில் இருக்கின்றன. ஆலை ஒரு கடிதம் கொடுத்தால்தான் அது நகரும். கல்யாணமான மூன்றாம் மாதம் அவளை விட்டு வந்தவன் நான். நாலு வருஷமாக அவளைப் போனில்தான் பார்க்கிறேன். இந்த நேரத்தில் ஆலைக்கு எதிராகப் போய் நின்றால் என்ன ஆகும், நீயே சொல்.

இமாம் வந்து சொன்னால் ஆகாதா? படித்தவர், தாடி நரைத்தவர், நீதிபதிகள் அவருக்கு மரியாதை கொடுப்பார்கள். நான் கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. பெட்டிகள் இன்னும் காணாமல் போகின்றன. நீ போன பிறகு இரண்டு தரம். அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. இதை நான் சொன்னதாக எங்கும் சொல்லாதே.

போன ஞாயிறு கிளாவ்ஜியோ என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். மாத்தே இலைக் கஷாயக் குடுவையை வட்டமாக உட்கார்ந்து ஒரே குழலில் உறிஞ்சிக் கைமாற்றுவார்களே, அது எனக்கும் வந்தது. எனக்குப் பிறகு அவன் மாமியார் குழலைத் துடைக்காமல் வாயில் வைத்தாள். நாலு வருஷத்தில் முதல் தரம், மாத்தார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அலசான்

*

சாவோ பாவ்லோ, 30 ஜூலை 2017

பச்சைத் தொப்பிக்காரனுக்கு,

உன் தொப்பிக்கு வாழ்த்துகள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஆலை நீதிமன்றத்தில் கொடுத்த தாள்களை மக்தா வாங்கி வந்தார். மூன்றாவது பக்கத்தை எனக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினார். "இவரை ஊரிலிருந்தே அறிந்த சக தொழிலாளி அலசான் ந்ஜாய், இவருடைய குடும்பம் திருட்டுக்குப் பெயர் போனது என்று உறுதிப்படுத்தினார்." அடியில் உன் கையெழுத்து. நீ பேரை எழுதி முடிக்கும்போது வாலைச் சுழிப்பாயே, அந்தச் சுழியும் இருக்கிறது.

மேற்பார்வையாளன் தப்பாக எடுத்துக்கொண்டான் என்று எழுதினாயே, கை கூசவில்லையா? இத்தனை நாளும் நானே உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். "அவன் வேணும்னு செய்யல, வாய்க்கொழுப்பு, அவ்வளவுதான்" என்று யோரோவிடம் சொன்னேன். சோறு பங்கு போட்டுத் தின்ற கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். இப்போது இமாமை அனுப்புகிறானாம். எழுதிக் கொடுத்தது நீ, தலை குனிய இமாமா?

இங்கே நடந்ததையும் கேள். துணிச்சந்தையில் புதிதாகத் துணி விரித்த அன்று, எதிர்ப்பக்கம் குடை விற்கிற பெரியவர் என் பேரைக் கேட்டார். மாத்தார் ஜோப் என்றேன். முகமெல்லாம் மலர்ந்து, "அடப்பாவி, ஜோப்பா! ஏய் எல்லாரும் சரக்க எண்ணி வைங்கடா, திருடன் வந்துட்டான்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அவர் ஒரு ந்ஜாய். அந்தத் தெருவில் எனக்கு இடம் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வேறு என்ன வழி? நான் அவரை அடித்துவிட்டேன், அலசான். கன்னத்தில். அறுபது வயது மனிதர். குடையெல்லாம் கீழே சிதறிவிட்டது. ஜோப் ஒருத்தன் ந்ஜாயைக் கைநீட்டி அடித்தான் என்று நம் ஊரில் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? அவர் திருப்பி அடிக்கவில்லை. "பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் குடைகளைப் பொறுக்கினார்.

அன்றிலிருந்து அங்கே நம் ஆட்கள் யாரும் என்னிடம் விளையாடுவதில்லை.

22-ஆம் தேதி வந்தால் வா. வராவிட்டால் இனிமேல் எழுதாதே.

மாத்தார் ஜோப்

*

கஷியாஸ், 9 ஆகஸ்ட் 2017

மாத்தார்,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிளாவ்ஜியோ என்னை மேலே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே மேலாளரும் இன்னொருவரும் இருந்தார்கள். "உட்காருங்க" என்றார்கள். நாலு வருஷம் அந்த ஆலையில் இருந்தும் அந்த அறையில் நாம் நின்றுகொண்டுதானே பேசியிருக்கிறோம். நாற்காலி போட்டுக் காபியும் கொடுத்தார்கள். ஊர் பற்றிக் கேட்டார்கள். என் போர்ச்சுகீசு நன்றாயிருக்கிறது என்றார்கள். பிறகு மேலாளர் சிரித்துக்கொண்டே, "அந்த ஜோப்ப நீங்க தினமும் திருடன்னு சொல்றீங்களாமே?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே, "ஐயோ சார், அவன் மட்டுமா, அவங்க வம்சமே திருட்டு வம்சம்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். வாய்க்கு வந்துவிட்டது, மாத்தார். எந்த ந்ஜாய்க்கும் வந்திருக்கும்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷமே புரிந்தது. "சார், அது கேலி" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அவர்கள் முகம் மாறியிருக்கும். காபி கையில் சூடாக இருந்தது. தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினைந்து நாள் கழித்துத் தொப்பி வந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நீ பெரியவரை அடித்ததைப் படித்து அழுதேன். அந்த அடி எனக்கு விழ வேண்டியது.

சோக்னாவிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் அங்க வந்தப்புறம் என்னயும் இப்படிக் காட்டிக் குடுப்பியா?" என்றாள்.

22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறேன். பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் நிற்பேன். தொப்பி இல்லாமல்.

அலசான்

*

கஷியாஸ், 27 ஆகஸ்ட் 2017

மாத்தார்,

ஏன்டா வாயைத் திறக்கவில்லை?

நான் வந்தேனா இல்லையா? உன் வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் சொன்னேனா இல்லையா? கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் சொன்னது கேலி, எங்கள் வழக்கம் இது, பெட்டி பிறகும் காணாமல் போகிறது என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கிளாவ்ஜியோ பின் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை.

ஆலை வக்கீல் எழுந்து, "நல்ல வழக்கம்தான். திட்டினா கோபம் வராது, பதிலுக்குத் திட்டுவாங்க, ரெண்டு பேரும் சிரிப்பாங்க. அப்படித்தானே? இங்கயே செஞ்சு காட்டச் சொல்லுங்களேன்" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான். நீதிபதியம்மா யோசித்துவிட்டு, "சரி, செஞ்சு காட்டுங்க" என்றதும் எனக்கு உயிரே வந்தது. இதைவிடச் சுலபமான சாட்சி உண்டா? பால்குடி மறந்த நாளிலிருந்து செய்கிற வேலை. திரும்பி உன்னைப் பார்த்து, "டேய் திருட்டு ஜோப்பே, எங்கப்பன் வீட்டுத் தின்னிமாடே, இங்கயும் எதாச்சும் சுருட்டலாம்னு வந்தியா?" என்றேன். எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புல்லு புடுங்கினவன் என்று சொல்லியிருக்கலாம். நம் மொழியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வராவிட்டால் சிரித்தாவது இருக்கலாம். சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீதிபதியம்மா இரண்டு தரம் உன் பேரைச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுத்தரிடம், "பதில் இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார். அந்த வக்கீல் உட்காரும்போது எப்படி உட்கார்ந்தான் பார்த்தாயா?

வெள்ளிக்கிழமை என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சோக்னாவுக்கு ஆலைக் கடிதம் கிடையாது. தெருவில் கிளாவ்ஜியோவின் மாமியாரைப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டாள். உனக்காக எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தேன், நீ ஒரு சிரிப்பைக் கொடுக்கவில்லை. ஏன் என்று மட்டும் சொல். பழி வாங்கினாயா? அப்படியென்றால் அதையாவது சொல், ஏற்றுக்கொள்கிறேன்.

இங்கே எனக்கு இனி ஒன்றும் இல்லை. அங்கே வந்தால் படுக்க இடம் கிடைக்குமா?

அலசான்

*

சாவோ பாவ்லோ, 15 அக்டோபர் 2017

மதிப்பிற்குரிய அலசான் ந்ஜாய் அவர்களுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. ஆலை செய்தது சரி என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சி சொன்ன வழக்கம் நிரூபிக்கப்படவில்லையாம். மக்தா மேல்முறையீடு செய்யலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் தங்க இருக்கிற தாளை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓடலாமோ அத்தனை நாள் ஓடுவேன்.

நீங்கள் வந்தீர்கள். உண்மையைச் சொன்னீர்கள். அதற்கு நான் நன்றிக் கடன்பட்டவன். உங்கள் வேலை போனதற்கும் சோக்னா அவர்கள் வர முடியாமல் போனதற்கும் வருந்துகிறேன். பழி வாங்க நினைத்து நிற்கவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உங்களை என்னவெல்லாம் திட்டுவது என்று யோசித்து வைத்திருந்தேன். கேட்டால் நீங்களே சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். எழுத்தர் குனிந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு சாப்பாட்டுக் கூடத்தில் கேட்ட சிரிப்புதான். நான் கேலியைத் தேடினேன். உங்கள் கண்ணில் இருந்தது, பார்த்தேன். ஆனால் காதில் விழுந்தது திருடன் என்ற சொல் மட்டும்தான். அவர்களுக்கு எப்படி விழுமோ அப்படியே எனக்கும் விழுந்தது. என் குடும்பத்தைச் சபையில் வைத்து ஒருத்தன் கேவலமாகப் பேசுகிறான் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அடிக்காமல் நின்றதே பெரிது. இந்த ஊர்க்காரனாக வேண்டும் என்று நாலு வருஷம் நாம் இரண்டு பேரும் ஏங்கினோமே, நான் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

அப்பாவுக்குத் தீர்ப்பைச் சொன்னேன். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை. "ந்ஜாய் சொன்னான், நீ பேசாம நின்னியா?" என்று மட்டும் கேட்டார். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

படுக்க இடம் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அறையில் ஐந்து பேர், ஜன்னலோரம் ஒரு பாய் போடலாம். துணியை அகலமாக விரித்தால் நீங்கள் பெல்ட்டும் நான் கடிகாரமும் வைத்துக்கொள்ளலாம். போலீஸ் வந்தால் எந்தச் சந்துக்குள் ஓட வேண்டும் என்று காட்டித் தருகிறேன். சோறு ஒரே தட்டில்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்து இறங்கியதும் பழைய ஞாபகத்தில் என்னைத் திட்டிவிடாதீர்கள். நானும் உங்களைத் திட்ட மாட்டேன். நாம் இரண்டு பேரும் மரியாதையாகவே பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மாத்தார் ஜோப்